இசைத்தட்டின் எண்களும் பெயர்களும்

இசைத்தட்டு எண் என்பது, பதிவான ஒரு பாடலை மற்றப் பதிவுகளிலிருந்து பிரித்தறிய இசைத்தட்டு நிறுவனங்கள் இட்ட அடையாளம். பழைய அரக்குத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு எண்களைக் காணலாம். ஒன்று, நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில், அதாவது லேபிளில், அச்சாகியிருக்கும். இது பட்டியல் எண். கடைக்காரர் சரக்கு வரவழைக்கவும், வாங்குபவர் கேட்டு வாங்கவும் ஏற்பட்டது. மற்றொன்று, பாட்டின் கோடுகள் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னுள்ள வெற்று வளையத்தில் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். இது பதிவு எண். சேகரிப்போர் இதை மேட்ரிக்ஸ் எண் என்பர்.

இவ்விரு எண்களையும் நிறுவனங்கள் தம் வாணிபத் தேவைக்காகவே உண்டாக்கின. வரலாற்றுக்குச் சான்று விட்டுச்செல்வது அவற்றின் நோக்கம் அன்று. ஆயினும் ஒரு பாடல் எப்போது, எங்கே, யாரால் பதிவாயிற்று என்று இன்று அறிய முற்படுபவருக்கு முதன்மையான ஆதாரம் இந்த எண்களே. எண்ணைக் காத்த அளவுக்கு நிறுவனங்கள் பெயரைக் காக்கவில்லை. பாடியவர், பாட்டு எழுதியவர், பக்கவாத்தியம் வாசித்தவர் ஆகியோரின் பெயர்கள் தட்டில் இடம்பெற்றதும் விடுபட்டதும் பெரும்பாலும் அந்தந்தக் காலப் பட்டியல் எப்படி அமைந்திருந்தது என்பதைப் பொறுத்தது.

பேசி வைத்த பெயர்

தாமஸ் எடிசன் 1877இல் உருவாக்கிய ஒலிப்பதிவுக் கருவி உருளையில் பதிவு செய்தது. உருளையின் மேற்பரப்பு முழுவதும் ஒலிக்கோடுகளுக்கே போய்விட்டதால் பெயர் எழுத இடமில்லை. ஆகவே பாட்டு தொடங்குமுன் ஒருவர் பாட்டின் பெயரையும் பாடுபவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் உரக்கச் சொல்லிவிடுவார். எமில் பெர்லினர் 1887இல் தட்டை வடிவக் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, தட்டின் நடுப்பகுதி எழுதுவதற்குக் கிடைத்தது. முதலில் அங்கே விவரங்களை நேரடியாகக் கீறினார்கள். 1900ஐ ஒட்டித்தான் காகித லேபிள் வந்தது. லேபிள் வந்த பின்னும் பேசிப் பெயர் சொல்லும் வழக்கம் உடனே போய்விடவில்லை. இந்தியாவில் அதற்கு ஒரு தனிக் காரணம் இருந்தது.

லண்டனில் 1898இல் தொடங்கப்பட்ட கிராமபோன் கம்பெனிக்குப் பதிவாளராக வந்தவர் ஃபிரெட் கைஸ்பர்க் என்ற அமெரிக்கர். 1902 ஏப்ரலில் மிலான் நகரில் என்ரிக்கோ கரூசோவின் பத்துப் பாடல்களைப் பதிவு செய்து அவரை உலகறியச் செய்தவர் இவரே. அதே ஆண்டு செப்டம்பரில், ஜார்ஜ் டில்நட் என்ற உதவியாளருடன் கைஸ்பர்க் கப்பலேறிக் கல்கத்தா வந்து சேர்ந்தார். நவம்பர் 8ஆம் நாள் முதல் பதிவு நடந்தது. பாடியவர்கள் நாடக மேடையைச் சேர்ந்த சோஷிமுகி, ஃபனிபாலா என்ற இரு இளம்பெண்கள். மூன்று நாள் கழித்து, நவம்பர் 11ஆம் நாள், அக்காலத்தில் கல்கத்தாவின் புகழ்பெற்ற பாடகியான கௌஹர் ஜான் பதிவுக்கு வந்தார்.

கௌஹர் ஜானின் பழைய தட்டுகளைக் கேட்பவர்கள், பாட்டு முடிந்ததும் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்கலாம். விக்ரம் சம்பத் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்கும் இந்தத் தொடரே தலைப்பாயிற்று. இதைப் பாடகியின் மிடுக்கு என்று ரசிப்பவர் உண்டு. குரலில் மிடுக்கு இருப்பது மெய்தான். ஆனால் சொல்ல வைத்தது தொழிற்சாலையின் தேவை. கல்கத்தாவில் மெழுகுத் தட்டில் பதிவானவை கப்பலில் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போயின. அங்கே பெர்லினரின் தம்பி யோசப் நடத்திய ஆலையில் உலோக அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் தட்டுகளை அழுத்தி எடுத்தார்கள். மறு ஆண்டுதான் அவை இந்தியக் கடைகளுக்கு வந்தன. ஹனோவரில் இருந்தவர்களுக்கு வங்காளமும் தெரியாது, இந்துஸ்தானியும் தெரியாது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகளில் எது யாருடையது என்று பிரித்து லேபிள் ஒட்ட, பாடியவரே தம் பெயரைச் சொல்லி முடிப்பது சுலபமான வழியாக இருந்தது. (தட்டுக்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்தே போயிற்று என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். அரக்கும் குரலும் இங்கிருந்து போய், ஒன்றாகித் திரும்பின.) கல்கத்தா சியால்தாவில் 1908இல் கம்பெனி சொந்த ஆலை அமைத்த பிறகு இந்தத் தேவை குறைந்தது. பெயர் சொல்லும் வழக்கமும் மெல்ல மறைந்தது.

கைஸ்பர்க் செய்த வேலைக்கு அன்று தனிப்பெயர் கிடையாது. யாரைப் பாட வைப்பது, எந்தப் பாட்டு, மூன்று நிமிடத்துக்குள் எப்படி முடிப்பது, ஒலிவாங்கும் புனலுக்கு எவ்வளவு அருகில் நிற்பது என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். உச்சஸ்தாயியில் பாடும்போது பாடகரைப் புனலிலிருந்து சற்றுப் பின்னுக்கு இழுப்பதும் பதிவாளர் வேலையில் அடங்கும். இன்று இதையே இசைத் தயாரிப்பாளரின் பணி என்கிறோம். ஆனால் தட்டின் லேபிளில் அவர் பெயர் இல்லை. கிராமபோன் கம்பெனி தன் பதிவாளர் ஒவ்வொருவருக்கும் சில எழுத்துகளை ஒதுக்கியிருந்தது. 7, 10, 12 அங்குலம் என்ற மூன்று அளவுக்கும் மூன்று எழுத்து. மெழுகில் பொறித்த எண்ணோடு அந்த எழுத்து சேரும். தட்டைப் பதிவு செய்தவரின் அடையாளம் அந்த ஓரெழுத்தோடு சரி.

ஆண், பெண், கீழ்த்திசை

கம்பெனியின் பட்டியல் எண் முறை நுட்பமானது. எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அந்தத் தட்டு எந்த மொழிப் பிரிவு, என்ன வகை என்று கிட்டங்கி ஊழியர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். ஐந்து இலக்க எண்ணில் முதல் இலக்கம் மொழியை அல்லது பகுதியைக் குறித்தது. 2 ருஷ்யா, 3 பிரான்ஸ், 4 ஜெர்மனி, 5 இத்தாலி. இரண்டாம் இலக்கம் வகையைக் குறித்தது. 0 என்றால் வாத்தியக் குழு, 1 பேச்சு, 2 ஆண் குரல், 3 பெண் குரல், 4 பலர் சேர்ந்து பாடுவது, 5 பியானோ. ஆகவே 52 என்று தொடங்கினால் இத்தாலிய ஆண் பாடகர். 53 என்றால் இத்தாலியப் பாடகி. 12 அங்குலத் தட்டானால் முன்னால் ஒரு சுழியம் சேரும். ஒதுக்கிய ஆயிரம் எண்கள் தீர்ந்துபோனால் முன்னால் "2-", "3-" என்று ஒட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இந்தியாவுக்கு எந்த இலக்கம்? தனி இலக்கம் இல்லை. 1 என்று தொடங்கும் பத்தாயிரம் எண்கள் "கீழ்த்திசை" என்ற ஒரே பெயரில் ஒதுக்கப்பட்டன. இந்துஸ்தானியும் வங்காளமும் தமிழும் தெலுங்கும் துருக்கியும் அரபியும் அதற்குள்ளேயே அடைந்துகிடந்தன. 12 கீழ்த்திசை ஆண், 13 கீழ்த்திசைப் பெண். பிரெஞ்சுக்கும் இத்தாலிக்கும் கிடைத்த அளவு இடத்தைப் பாதி ஆசியா பகிர்ந்துகொண்டது. அன்றைய லண்டன் அலுவலகத்தின் உலகப் படம் அந்த எண்களில் அப்படியே இருக்கிறது.

இந்தப் பிரிப்பில் இன்னொரு குறையும் உண்டு. ஒரு பதிவைப் பற்றி அது முதலில் கேட்பது, பாடியது ஆணா பெண்ணா என்பதே. ஐரோப்பிய இசை நாடகத்தில் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. ஆணுக்கு எழுதிய பாட்டை ஆண் பாடுவார், பெண்ணுக்கு எழுதியதைப் பெண் பாடுவார். நம் இசையில் ஒரு கிருதியை யாரும் பாடலாம். இங்கே ரசிகர் கேட்பது ராகம் என்ன, தாளம் என்ன, யார் இயற்றியது என்றுதான். அந்த மூன்றுக்கும் எண்ணில் இடமில்லை. பின்னர் லேபிளில் ராகத்தையும் தாளத்தையும் அச்சிடும் வழக்கம் வந்தது. அது இந்தியச் சந்தை கம்பெனியிடம் கேட்டுப் பெற்ற திருத்தம் என்று கொள்ளலாம்.

மெழுகில் இட்ட எண்

பட்டியல் எண் மாறக்கூடியது. ஒரே பதிவை மலிவு விலைத் தொடரில் வெளியிட்டால் புது எண். வேறு நாட்டில் வெளியிட்டால் வேறு எண். இருபக்கத் தட்டு பரவியபோது பழைய ஒருபக்கத் தட்டுகள் இரண்டிரண்டாகச் சேர்க்கப்பட்டு எல்லாம் புது எண் பெற்றன. மெழுகில் இட்ட எண் அப்படி மாறாது. பதிவு நடந்த இடத்திலேயே, நடந்த வரிசையிலேயே அது இடப்பட்டது. அதிலிருந்து எடுத்த உலோக அச்சிலும், அச்சிலிருந்து அழுத்திய ஒவ்வொரு தட்டிலும் அது தானாகவே படிந்துவிடும். லேபிளில் ஆயிரம் தவறு நேரலாம். வேறு பாட்டின் லேபிளையே மாற்றி ஒட்டிய தட்டுகளும் உண்டு. மெழுகு எண் அப்போதும் உண்மையைச் சொல்லும்.

அமெரிக்க விக்டர் நிறுவனம் இதை ஒழுங்காகச் செய்தது. 10 அங்குலத்துக்கு "பி", 12 அங்குலத்துக்கு "சி", பிறகு வரிசை எண், பிறகு ஒரு கோடு இட்டு எத்தனையாவது முயற்சி என்ற எண். ஒரு பாடகர் ஒரே பாட்டை மூன்று முறை பாடி, மூன்றாவதை மட்டும் கம்பெனி வெளியிட்டால் தட்டில் 3 என்று இருக்கும். இரண்டு தட்டுகளின் லேபிள் ஒன்றாகவே இருந்தும் ஒன்றில் 2, மற்றொன்றில் 3 என்று இருந்தால் அவை வெவ்வேறு பதிவுகள். இரண்டையும் கேட்டால் ஒரு சங்கதி கூடவோ குறையவோ இருக்கும்.

1925இல் ஒலிவாங்கி வழியே மின்முறைப் பதிவு வந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் முறைக்கு உரிமத்தொகை கட்ட வேண்டியிருந்ததால், எந்தத் தட்டு அந்த முறையில் பதிவானது என்று கணக்கு வைக்க அடையாளம் தேவைப்பட்டது. எச்.எம்.வி. தட்டுகளில் மெழுகு எண்ணுக்குப் பின் ஒரு முக்கோணம் வந்தது. கொலம்பியா தட்டுகளில் வட்டத்துக்குள் "டபிள்யூ" என்ற எழுத்து வந்தது. 1931இல் இரு நிறுவனங்களும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆயின. அங்கே ஆலன் புளூம்லின் உருவாக்கிய சொந்த முறை வந்தபோது முக்கோணம் சதுரமாயிற்று, "டபிள்யூ" "சி"யாயிற்று. உரிமத்தொகைக் கணக்குக்காக இட்ட இந்தச் சிறு குறிகளைக் கொண்டு, தேதி இல்லாத ஒரு தட்டின் காலத்தை இன்று கணிக்க முடிகிறது.

தென்னாட்டுத் தட்டுகள்

கல்கத்தாப் பதிவுகளை அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனியின் பதிவாளர்கள் சென்னைக்கும் வந்தனர். பெரிய வித்வான்கள் பலர் தட்டில் பாடத் தயங்கிய அந்தத் தொடக்க காலத்தில், சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்னம்மா போன்ற பாடகிகளே துணிந்து முன்வந்தனர். இங்கே பெயர் ஒரு சிக்கலாயிற்று. நம் வழக்கில் ஊரும் பெயரும் சேர்ந்ததே அடையாளம். கம்பெனியின் முறையோ குடும்பப் பெயரை எதிர்பார்த்தது. லேபிளில் ஆங்கில எழுத்தில் ஊரும் பெயரும் பல விதமாக எழுதப்பட்டன. ஒரே பாடகி மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேராகப் பட்டியலில் நிற்பதும், ஒரே ஊர்ப்பெயர் கொண்ட இருவர் ஒருவராகிவிடுவதும் நேர்ந்தன. தாயியின் இயற்பெயர் பழனிக்குஞ்சரம் என்பது தட்டை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.

தாயியின் குரல் எங்கெல்லாம் போயிற்று என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ் 1912இல் இந்தியா வந்தார். அவர் பியானோவுக்கு எழுதிய "ராகமாலிகா" என்ற படைப்பு, தாயியின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு எழுதியது. இசை வரலாற்றாய்வாளர் ஜேன் பாஸ்லர் இதைத் தட்டோடு ஒப்பிட்டு எடுத்துக்காட்டினார். தட்டும் அதன் எண்ணும் தப்பிப் பிழைத்திருந்ததால்தான் இது முடிந்தது. இல்லையேல் ஒரு தமிழ்ப் பாடகி பாடிய முறை, பாரிஸ் இசையமைப்பாளர் ஒருவரின் கற்பனையாகவே எண்ணப்பட்டிருக்கும்.

1930களில் தென்னாட்டில் தட்டு வாணிபம் சூடுபிடித்தது. எச்.எம்.வி., கொலம்பியாவுடன் ஜெர்மனியின் ஓடியன் நிறுவனமும் போட்டியிட்டது. ஓடியன் சார்பில் தென்னாட்டில் தட்டு வெளியிட்டது சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ். அதை நடத்தியவர்களில் ஒருவர் பின்னாளில் ஏவி.எம். ஸ்டூடியோவை நிறுவிய ஏ.வி. மெய்யப்பன். தமிழ்ப் படத்தயாரிப்புக்கும் தட்டுத் தயாரிப்புக்கும் உள்ள உறவு இப்படி வேரிலேயே தொடங்கியது. நாடக மேடைப் பாடல்கள் தட்டாகி, தட்டில் புகழ்பெற்றவர்கள் பேசும்படத்துக்குப் போன இந்த வரலாற்றை ஸ்டீபன் ஹியூஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். முழு நாடகத்தையே பல தட்டுகளில் பிரித்து "செட்" என்று விற்றார்கள். செட்டில் ஒரு தட்டு உடைந்தால் கதை அறுந்துவிடும். ஆகவே அங்கே வரிசை எண் வாங்குபவருக்கும் முக்கியமாயிற்று.

இத்தனைக்கும் பக்கவாத்தியக்காரர்களின் பெயர் பெரும்பாலான லேபிள்களில் இல்லை. பிடிலும் மிருதங்கமும் தெளிவாகக் கேட்கும். வாசித்தவர் யார் என்று பாணியைக் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான். ஆலையின் பதிவேட்டில் அவர்களுக்குக் கொடுத்த ரூபாய்க் கணக்கு இருந்திருக்கும். பெயரை அச்சிடுவதற்கு மட்டும் இடமில்லாமற் போயிற்று.

யார் குரல்?

பேசும்படம் வந்தபோது பாடுபவரே நடித்தார். ஆகவே படத்தின் பெயரும் நடிகர் பெயரும் போதுமானதாக இருந்தது. பின்னணிப் பாடல் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. ஏவி.எம்.மின் "ஸ்ரீ வள்ளி" (1945) படத்தில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மணி. அவருக்காகப் பாடியவர் பி.ஏ. பெரியநாயகி. திரையில் ஒருவர், குரல் இன்னொருவர். லேபிளில் யார் பெயரைப் போடுவது?

இந்தக் கேள்விக்கு நிறுவனங்கள் சொன்ன பதில் சில வேளைகளில் வேடிக்கையானது. 1949இல் வெளிவந்த "மஹல்" என்ற இந்திப் படத்தில் கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு நாடெங்கும் பரவியது. தட்டில் பாடகியின் பெயர் "காமினி" என்று இருந்தது. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். கற்பனைப் பாத்திரம் ஒன்று பாடகியாகப் பட்டியலில் ஏறிவிட்டது. பாடியது யார் என்று கேட்டு நேயர்கள் வானொலிக்கு எழுதிக் குவித்தனர். வானொலி நிலையம் தட்டு நிறுவனத்திடம் விசாரித்து, அதன் பிறகே லதாவின் பெயரை அறிவித்தது. பின்னணிப் பாடகர் பெயர் தட்டில் இடம்பெறுவது வழக்கமானதற்கு இந்தக் கடிதங்களும் ஒரு காரணம். நிறுவனம் தானாக மனமிரங்கிச் செய்ததன்று.

தமிழ் நேயர்களுக்கு இந்தப் பணியைப் பெரிதும் செய்தது இலங்கை வானொலி. படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னோ பின்னோ சொல்லிச் சொல்லி, பார்க்காத படத்தின் பாட்டுக்கும் முழு முகவரி கொடுத்தார்கள் அதன் அறிவிப்பாளர்கள். கௌஹர் ஜான் தாமே சொன்ன பெயரை இங்கே இன்னொருவர் சொன்னார். திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் உதவியது. ஆனால் பல புத்தகங்களில் பாட்டின் வரிகள் மட்டுமே இருக்கும், பாடியவர் பெயர் இராது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பாதுகாக்கப்பட்டுள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஒரு பாட்டின் விவரம் முழுமை பெறும்.

பட்டியல் தொகுத்தவர்கள்

நிறுவனங்கள் தம் பதிவேடுகளை வெளியாருக்குக் காட்டவில்லை. ஆகவே தட்டுகளைத் தேடி வாங்கிய ரசிகர்களே முதலில் பட்டியல் தொகுத்தார்கள். பிரான்சின் சார்ல் டெலோனே 1936இல் ஜாஸ் தட்டுகளுக்கு வெளியிட்ட பட்டியல் இத்துறையில் முன்னோடி. ஒரே பதிவைப் பல மலிவு லேபிள்கள் பல புனைபெயர்களில் விற்றுவந்ததை மெழுகு எண்களை ஒப்பிட்டே சேகரிப்போர் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனின் ஆலன் கெல்லி, கிராமபோன் கம்பெனியின் பழைய பட்டியல் முழுவதையும் எண் வரிசையில் மீட்டெடுப்பதில் பல்லாண்டு உழைத்தார். இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனிப் பிரிவுகள் தனித்தனி நூல்களாக வந்தன.

இந்தியப் பதிவுகளுக்கு அந்த வேலையைச் செய்தவர் ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர். கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகள் பற்றி, 1899 முதல் 1908 வரையான காலத்துக்கு அவர் தொகுத்த நூல் 1994இல் மும்பையில் வெளியானது. 1908 முதல் 1910 வரையானது 2000இல் வந்தது. தொடக்க ஆண்டு 1899 என்பதைக் கவனிக்க வேண்டும். கைஸ்பர்க் கல்கத்தா வருவதற்கு மூன்றாண்டு முன்பே லண்டனில் சில இந்தியர்களின் குரல் பதிவாகியிருந்தது. "இந்தியாவின் முதல் பதிவு", "இந்தியரின் முதல் பதிவு" என்ற இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது இன்றும் இணையத்தில் காணும் பிழை. கௌஹர் ஜானே முதலில் பதிவானவர் என்பதும் அத்தகையதே. மும்பையில் 1990இல் அமைந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கமும் தன் இதழ் வழியே பல பட்டியல்களை வெளியிட்டது.

திரைப்பாடல்களுக்குக் கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் "ஹம்ராஸ்" தனி மனிதராகச் செய்த காரியம் வியப்புக்குரியது. "ஹிந்தி ஃபில்ம் கீத் கோஷ்" என்ற அவரது தொகுப்பு, 1931 முதலான இந்திப் படங்களைப் பத்தாண்டு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு படத்தின் பாடல்களையும் பாடியவர், எழுதியவர், தட்டு எண் முதலிய விவரங்களோடு தருகிறது. அவர் முழுநேர ஆய்வாளர் அல்லர், வங்கி ஊழியர். தமிழில் படங்களின் தகவலைத் திரட்டிய ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், "சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு" என்ற பெருநூலை 2004இல் வெளியிட்டார். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை இங்கே தனிமனிதர்களின் வீட்டு அலமாரிகளில் நடந்திருக்கிறது.

முப்பது எழுத்து

1980களின் ஒலிநாடா எண்ணைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட, வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பதிந்து தரும் கடைகள் இருந்தன. கடைக்காரர் உள்ளட்டையில் பேனாவால் பாட்டின் முதல் சொற்களையும் படத்தின் பெயரையும் எழுதுவார். அதற்குமேல் விவரம் கிடையாது. இசை மக்களிடம் தாராளமாகப் பரவியது, விவரம் அதே வேகத்தில் உதிர்ந்தது.

குறுந்தகடு கணினிக்கு வந்தபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. அதன் மூல வரையறையில் பாட்டின் பெயரை எழுத வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தகட்டில் பாட்டுகள் தொடங்கும் நேரங்களை வைத்து ஓர் அடையாள எண் கணக்கிட்டு, அதற்குரிய பெயர்களை இணையத்தில் தேடும் சி.டி.டி.பி. என்ற தரவுத்தளம் 1990களில் உருவானது. பெயர்களைத் தட்டச்சு செய்து சேர்த்தவர்கள் பயனர்களே. பின்னர் அது தனியார் வணிகமாகியது. அதில் மனங்கசந்தவர்களின் முயற்சியில் மியூசிக்பிரைன்ஸ் என்ற திறந்த தரவுத்தளம் பிறந்தது.

எம்.பி.3 கோப்பில் பெயர் எழுத 1996இல் ஐ.டி.3 என்ற குறிப்பு வந்தது. கோப்பின் கடைசியில் 128 பைட். அதில் பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4. தமிழ் எழுத்துக்கு வழியில்லை. ஆகவே தமிழ்ப் பாட்டின் பெயர்கள் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு கூட்டலில் எழுதப்பட்டன. சேலம் கோதாவரி காலத்துச் சிக்கல் தொண்ணூறு ஆண்டு கழித்து மறுபடி முளைத்தது. அதைவிடப் பெரிய சிக்கல் "கலைஞர்" என்ற ஒற்றைக் கட்டம். மேல்நாட்டுப் பாப் இசையில் பாடும் குழுவே கலைஞர், கேள்வி முடிந்தது. தமிழ்த் திரைப்பாட்டில் அந்த இடத்தில் எழுத வேண்டியது எஸ்.பி. பாலசுப்ரமணியத்தையா, இளையராஜாவையா? இசையமைப்பாளருக்குத் தனிக் கட்டம் இல்லை. பாடலாசிரியருக்கு அறவே இல்லை. பிற்காலத்தில் கட்டங்கள் கூட்டப்பட்டன. ஆயினும் பாடல் கேட்கும் செயலிகள் பலவற்றில் இன்றும் திரையில் முதலில் தெரிவது "கலைஞர்" வரிதான். பாடலாசிரியரைக் காண விவரப் பக்கத்தைத் திறந்து தேட வேண்டியிருக்கிறது. கண்ணதாசனும் வாலியும் யாருடைய பாட்டு என்ற கேள்விக்கு முதல் விடையாக இருந்த ஒரு மொழிக்கு இந்த அமைப்பு பொருந்தவில்லை.

பன்னிரண்டு எழுத்து

இன்று உலகெங்கும் ஒலிப்பதிவுக்கு உரிய அடையாளம் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் பன்னாட்டுத் தரப் பதிவுக் குறியீடு. 1986இல் பன்னாட்டுத் தர அமைப்பு இதை 3901 என்ற தர எண்ணில் வெளியிட்டது. பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்டது. தொடக்க அமைப்பில் நாட்டுக்கு 2, பதிவுசெய்பவருக்கு 3, ஆண்டுக்கு 2, வரிசைக்கு 5 என்று பகுத்திருந்தார்கள். இது பாட்டுக்கு இடும் எண் அன்று, பதிவுக்கு இடும் எண். ஒரே பாட்டை அதே பாடகர் மறுபடி பாடிப் பதிந்தால் வேறு எண். ரீமிக்ஸ் செய்தால் வேறு எண். ஒரே பதிவு பத்துத் தொகுப்பில் இடம்பெற்றாலும் எண் மாறாது. இயற்றிய படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற தனிக் குறியீடு உண்டு. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் போக வேண்டிய உரிமத்தொகைக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று சரியாக இணைக்கப்பட வேண்டும். இணையாவிட்டால் ஒரு பாட்டு கோடி முறை ஒலித்தாலும் எழுதியவருக்குரிய பங்கு யாருக்கு என்று தெரியாமல் தேங்கிவிடும்.

இந்தியச் சட்டமும் தயாரிப்பாளரின் பக்கமே அடையாளத்தை வலியுறுத்துகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் "ஆசிரியர்" அதன் தயாரிப்பாளர், அதாவது பதிவு செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவர். 1984இல் சேர்த்த 52ஏ பிரிவு, ஒலிப்பதிவை வெளியிடும்போது அதைத் தயாரித்தவர் பெயர், உரிமையாளர் பெயர், இருவர் முகவரி, முதல் வெளியீட்டு ஆண்டு ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்கிறது. திருட்டுக் கேசட்டைத் தடுக்க வந்த பிரிவு இது. பாடியவர் பெயரோ எழுதியவர் பெயரோ அந்தப் பட்டியலில் இல்லை.

எண்ணோ பெயரோ இல்லாமல், ஒலியைக் கொண்டே பதிவைக் கண்டறியும் முறையும் வந்துவிட்டது. 2002இல் பிரிட்டனில் தொடங்கிய ஷஸாம், 2580 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து ஒலிக்கும் பாட்டைக் கேட்கச் செய்தால் பெயரைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. அதற்கு அடிப்படையான முறையை ஏவரி வாங் 2003இல் விளக்கி எழுதினார். ஒலியில் எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று புள்ளிகளாகக் குறித்து, வானத்து நட்சத்திரக் கூட்டம் போல் அந்தப் புள்ளிகளின் அமைப்பை ஒப்பிடுவதே அது. பேருந்து இரைச்சலிலும் வேலை செய்யும். ஆனால் அது கண்டறிவது மெழுகு எண் குறித்ததையே, அதாவது குறிப்பிட்ட ஒரு பதிவை. அதே பாடகர் அதே கீர்த்தனையைச் சபா மேடையில் இன்று பாடினால் அதற்குத் தெரியாது. முன் வரிசையில் இருக்கும் ரசிகர் முதல் இரண்டு ஸ்வரத்திலேயே ராகத்தைச் சொல்லிவிடுவார்.

1900களின் சென்னைத் தட்டுகளில் பல இன்று இணைய ஆவணங்களில் கேட்கக் கிடைக்கின்றன. மெழுகு எண், பட்டியல் எண், லேபிளின் படம், ஆங்கில எழுத்தில் பாடகியின் பெயர் எல்லாம் இருக்கும். பிடில் வாசித்தவருக்கான கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.